‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’: காசின் தடம் பிடித்து ஒரு நாவலைப் படிப்பது எப்படி?

சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1860 டிசம்பரில் தொடங்கி 1861 ஆகஸ்ட் வரை வாராவாரம் தொடர்கதையாக வந்தது. மொத்தம் 59 அத்தியாயங்கள். தாய் தகப்பன் இல்லாத பிப், அக்காள் கணவர் ஜோவின் கொல்லுப்பட்டறையில் வளர்கிறான். யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் தந்த பணத்தில் லண்டன் கனவான் ஆகிறான். முதன்முறை படிப்பவர்கள் பெரும்பாலும் “பணம் வந்தது, பையன் கெட்டான்” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கல்லூரியில் நானும் அப்படித்தான் எழுதினேன். நாவல் சொல்வது அதைவிட நுட்பமானது. அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது.

(கதையின் ரகசியம் கீழே வருகிறது. முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்றால் 39ஆம் அத்தியாயத்தை முடித்துவிட்டு வாருங்கள்.)

படி 1: நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள்

காசு கை மாறும் இடமெல்லாம் இடப்பக்கம். அந்த நேரத்தில் பிப் யாரிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பது வலப்பக்கம். அத்தியாய எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படி 2: வெட்கம் எப்போது வந்தது என்று பாருங்கள்

8ஆம் அத்தியாயம். வெளியே வராமல் வாழும் பணக்காரப் பெண்மணி மிஸ் ஹாவிஷாம் வீட்டில், அவருடைய வளர்ப்பு மகள் எஸ்டெல்லாவோடு பிப் சீட்டு விளையாடுகிறான். மேட்டுக்குடியினர் ‘நேவ்’ என்று சொல்லும் சீட்டை, சாதாரண மக்கள் சொல்வதுபோல் ‘ஜாக்’ என்கிறான். அவள் இளக்காரமாக அவனுடைய காய்ப்பேறிய கைகளையும் தடித்த பூட்ஸையும் சொல்லிக் காட்டுகிறாள். அதுவரை பிப்புக்கு அவை ஒரு குறையாகவே தோன்றியதில்லை. வக்கீல் ஜாகர்ஸ் வந்து சொத்துச் செய்தி சொல்வது 18ஆம் அத்தியாயத்தில்தான். அதாவது வெட்கம் முதலில் வந்துவிட்டது, பணம் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள். பணம் அவனுக்குள் எதையும் புதிதாக விதைக்கவில்லை, ஏற்கெனவே முளைத்திருந்ததற்குத் தண்ணீர் ஊற்றியது.

படி 3: மற்றவர்களையும் குறியுங்கள்

19ஆம் அத்தியாயத்தில் தையல்காரர் டிராப், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே பிப்பை உள்ளே கூப்பிடுகிறார், எழுந்து வரவில்லை. சொத்து என்ற சொல் காதில் விழுந்ததும் வெண்ணெய் மறந்துபோகிறது. ஊரே இப்படி வளைந்தால் பதின்வயதுப் பையன் என்ன செய்வான்?

படி 4: 27ஆம் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள்

ஜோ லண்டனுக்கு வருகிறார். காசு கொடுத்து அவரை வரவிடாமல் செய்ய முடிந்தால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே ஒப்புக்கொள்கிறான். ஜோவின் தொப்பி கணப்பு மாடத்தின் ஓரத்திலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது. அவர் ஒவ்வொரு முறையும் பாய்ந்து பிடிக்கிறார். வளர்த்த பையனை ஒரு வாக்கியத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அடுத்ததில் ‘சார்’ என்கிறார். எத்தனை ‘சார்’ என்று பென்சிலால் எண்ணுங்கள். பட்டறைக்கு வெளியே, இந்த உடுப்பில், நான் நானாக இல்லை என்று சொல்லிவிட்டு ஜோ கிளம்புகிறார். பிப் ஓடிப்போய்த் தேடும்போது அவர் தெருவில் இல்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

படி 5: ஒரு குறிப்பிட்ட காசைப் பின்தொடருங்கள்

என்னைக் கேட்டால் நாவலின் மையமே இதுதான். 10ஆம் அத்தியாயத்தில் முன்பின் தெரியாத ஒருவன் சிறுவன் பிப்புக்கு ஒரு ஷில்லிங்கைத் தாளில் சுற்றிக் கொடுக்கிறான். வீட்டில் பிரித்துப் பார்த்தால் அந்தத் தாள், ஒரு பவுண்டு நோட்டுகள் இரண்டு. அக்காள் அவற்றை அலங்காரத் தேநீர்க் கெண்டிக்குள் பத்திரப்படுத்துகிறாள். அவை, சிறுவயதில் பிப் பசியாற்றிய கைதி மாக்விச் அனுப்பியவை.

39ஆம் அத்தியாயத்தில் மாக்விச் நேரில் வந்து நிற்கிறார். அப்போது பிப்புக்கு வயது 23. பழைய கடனைத் தீர்க்கும் தோரணையில் இரண்டு புதிய நோட்டுகளை நீட்டுகிறான். மாக்விச் அவற்றை நீளவாக்கில் மடித்து, முறுக்கி, விளக்கில் காட்டி எரிக்கிறார். அப்புறம்தான் உண்மை வெளிவருகிறது. பிப்பின் உடை, அறை, மோதிரம் எல்லாமே நியூ சவுத் வேல்ஸில் ஆடு வளர்த்து இவர் சம்பாதித்த காசு. பிப் கூசிப்போய் அவருடைய கைகளிலிருந்து விலகுகிறான். இப்போது 8ஆம் அத்தியாயக் குறிப்பைப் புரட்டுங்கள். அங்கே இளக்காரத்துக்கு ஆளானவையும் கைகள்தான்.

படி 6: எதிர்க்கணக்கையும் எழுதுங்கள்

இதை விட்டுவிட்டால் பிப்புக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். 37ஆம் அத்தியாயத்தில் நண்பன் ஹெர்பர்ட்டுக்குத் தெரியாமலே அவனுக்கு ஒரு தொழிலில் பங்கு வாங்கித் தர ஏற்பாடு செய்கிறான் பிப். அதே பணம்தான், அதே பையன்தான்.

கடைசியாக 57ஆம் அத்தியாயம். தண்டனை பெற்ற கைதி என்பதால் மாக்விச்சின் சொத்து அரசுக்குப் போய்விட்டது. பிப் கடனில் மூழ்கிக் காய்ச்சலில் கிடக்கிறான். ஜோ வந்து குழந்தையைப் போல் பார்த்துக்கொள்கிறார். உடம்பு தேறத் தேற, அந்த ‘சார்’ மெல்லத் திரும்பி வருகிறது. ஒரு காலையில் ஜோ இல்லை. ஒரு சின்னக் கடிதமும், கடனை அடைத்த ரசீதும் மட்டும் இருக்கின்றன. 123 பவுண்டு 15 ஷில்லிங் 6 பென்ஸ், கூடவே வழக்குச் செலவு. இதை 27ஆம் அத்தியாயக் குறிப்புக்கு நேர் எதிரே எழுதுங்கள்.