சுங்க ஒன்றியத்தில் சேரலாமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

அண்டை அயல் நாடுகளோடு இலங்கை சுங்க ஒன்றியம் அமைக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இறைமை, நட்பு, பயம் என்று விவாதம் எங்கோ போய்விடுகிறது. பெரும்பகுதியை அட்டவணை போட்டே கண்டுபிடிக்கலாம். தொழிற்சங்கம், வர்த்தக சங்கம், பத்திரிகை மேசை, உயர்தரப் பொருளியல் வகுப்பு என்று யாரும் செய்யக்கூடிய வேலைதான். உதாரணத்துக்கு இந்தியாவை எடுத்துக்கொள்கிறோம். வேறு நாடுகளுக்கும் இதே முறைதான்.

முதலில் பேசப்படுவது எது என்பதைத் தெளிவாக்குங்கள். 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்திய–இலங்கை ஒப்பந்தம் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம். அதில் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று வரியைக் குறைக்கும், மூன்றாம் நாட்டுக்கு அவரவர் விரும்பிய வரியைப் போடும். சுங்க ஒன்றியத்தில் மூன்றாம் நாட்டுக்கான வரியும் பொதுவாகிவிடும்; அதைத்தான் பொது வெளிவரி என்கிறோம். சீனத் துணிக்கும் நியூசிலாந்துப் பால்மாவுக்கும் என்ன வரி என்பதைக் கொழும்பு தனியாகத் தீர்மானிக்க முடியாது. கேள்வியின் கனம் முழுவதும் இந்த இடத்தில்தான்.

தேவையான அட்டவணைகள்

இலங்கைச் சுங்கத் திணைக்களத்தின் வரிக் கையேடு, பங்காளி நாட்டின் வரிக் கையேடு, பொருள்வாரியாகவும் நாடுவாரியாகவும் இறக்குமதிப் பெறுமதி. கடைசியானதை ‘டிரேட் மேப்’ என்ற வர்த்தகத் தரவுத் தளத்தில் எடுக்கலாம். பொருட்களை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டின் முதல் 6 இலக்கங்கள் மட்டுமே உலகம் முழுவதற்கும் பொது. 8 இலக்கத்தில் இரு நாடுகளின் வரிசைகளையும் பொருத்தினால் ஒரே எண்ணில் வேறு வேறு பொருட்கள் வந்து உட்காரும். ஆகவே 6 இலக்கத்துக்குச் சுருக்கிய பிறகே ஒப்பிடுங்கள்.

ஒரே ஆண்டின் தரவு போதாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதியே சுருங்கியது. 2017–2019 சராசரி ஒன்றையும் கடைசியாகக் கிடைக்கும் இரண்டு ஆண்டுகளின் சராசரி ஒன்றையும் தனித்தனியே போட்டு, விடை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

இலங்கை வரிசையில் சுங்க இறக்குமதி வரியோடு நின்றுவிடக் கூடாது. இறக்குமதியில் மேலதிகமாக விழும் செஸ், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி அறவீடு, விசேட வியாபாரப் பண்ட அறவீடு ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் வேண்டும். புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்கு வரும் உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், சீனி போன்றவற்றின் விலையை நீண்ட காலமாக ஆட்டிவைத்தது இந்தக் கடைசி அறவீடுதான். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு அது ஏறும், இறங்கும். யாழ்ப்பாணத்திலோ வெலிமடையிலோ உருளைக்கிழங்கு அறுவடை வரும்போது இறக்குமதியைத் தடுக்க அரசாங்கத்தின் கைக்கு எட்டும் கருவி இது. ஒன்றியத்துக்குள் பங்காளி நாட்டுப் பொருளுக்கு இதைப் போட முடியாது. விவசாயிகள் பக்கம் நின்று பேசுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த நிரலைப் பற்றித்தான்.

ஒரு பொருளை எடுத்துக் கணக்குப் போடுதல்

பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950இல் காட்டிய வழி இன்றும் போதும். வைத்துக்கொண்ட எண்களில் பால்மாவைப் பார்ப்போம். நியூசிலாந்து விலை 100, ஒன்றியத்தில் பங்காளியாகும் அயல் நாட்டின் விலை 115, எல்லோருக்கும் வரி 20 சதவீதம். இப்போது நியூசிலாந்துப் பால்மா 120க்கும் மற்றது 138க்கும் வந்திறங்கும். வாங்குவது நியூசிலாந்துடையதை, திறைசேரிக்கு 20. ஒன்றியத்தில் சேர்ந்தபின் பொது வெளிவரி அதே 20 என்றால் அயல் நாட்டுப் பால்மா 115க்குக் கிடைக்கும். வாங்குபவருக்கு 5 மிச்சம், திறைசேரிக்கு 20 நட்டம், நாட்டுக்கு நிகர நட்டம் 15. கடையில் விலை இறங்கியிருக்கும், நாடு ஏழையாகியிருக்கும். இதுதான் வர்த்தகத் திசைதிருப்பம். அயல் நாட்டு விலை 95 ஆக இருந்தால் திசைதிருப்பம் இல்லை. அந்த நாடு ஏற்கனவே மலிவான விற்பனையாளர், வரி நீங்குவதால் வாங்குபவருக்கு லாபம்.

பெரிய நாட்டோடு சேரும்போது பொது வெளிவரி பெரும்பாலும் அதன் வரியை ஒட்டியே அமையும். இந்தியா பால்மாவுக்கு வைத்திருக்கும் பொதுவான வரி நீண்ட காலமாக 60 சதவீதம். அந்த வீதம் வந்தால் நியூசிலாந்துப் பால்மா 160க்கு இறங்கும். அயல் நாட்டு விற்பனையாளர் 115இல் நிற்க வேண்டிய தேவை இருக்காது. ஆகவே கணக்கை மூன்று தடவை போடுங்கள்: வெளிவரி இலங்கையின் வீதத்தில், பங்காளியின் வீதத்தில், இரண்டின் நடுவில்.

சராசரி வரியை மட்டும் ஒப்பிட்டு முடிவெழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. இறக்குமதிப் பெறுமதியால் நிறையிட்ட சராசரியும் ஏமாற்றும். வரி மிக உயர்ந்த பொருள் இறக்குமதியே ஆகாது, அதனால் அதன் நிறை பூச்சியத்துக்குப் பக்கத்தில் போய்விடும். அதிகம் இறக்குமதியாகும் இருநூறு வரிசைகளையும், வரி அதிகமான நூறு வரிசைகளையும் தனியே எடுத்துப் பாருங்கள்.

திறைசேரிப் பக்கம்

இழக்கும் வரியைக் கூட்டும்போது வற் எனப்படும் பெறுமதி சேர் வரியை மறந்துவிடாதீர்கள். வற் நீடிக்கும். ஆனால் அதன் அடிப்படை குறையும். இறக்குமதியில் வற் கணக்கிடுவது சி.ஐ.எஃப். பெறுமதி (பொருளின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி சேர்ந்தது), அதில் 10 சதவீதம், மேலே விழும் சுங்க வரி ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்கு. சி.ஐ.எஃப். 100, சுங்க வரி 20 என்றால், மற்ற அறவீடுகளை ஒதுக்கிவைத்து, 130க்கு 18 சதவீதம் வற் 23.40. சுங்க வரி நீங்கினால் 110க்கு 19.80. ஆக இழப்பு 20 அல்ல, 23.60.

வெளிநாட்டுப் பொருளுக்கான வரியை முதல் இறங்கும் துறைமுகம் வசூலித்தால் அது யாருக்கு? தென்னாபிரிக்கா, பொட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வத்தினி ஆகியவற்றின் ஒன்றியம் 1910இலிருந்து இருக்கிறது. 2002 உடன்படிக்கையின்படி சுங்க வரியை ஒன்றியத்துக்குள் நடக்கும் இறக்குமதியில் ஒவ்வொரு உறுப்பு நாட்டின் பங்குப்படியும், கலால் வரியின் 85 சதவீதத்தை மொத்த உள்நாட்டு உற்பத்திப்படியும் பிரிக்கிறார்கள். மீதி 15 சதவீதம் ஏழை உறுப்பினருக்குச் சாய்ந்த அபிவிருத்திப் பங்கு. கொழும்புத் துறைமுகத்தில் கையாளப்படும் கொள்கலன்களில் பெரும்பான்மை மீள்கப்பலேற்றம் (வேறு நாட்டுக்குப் போக கப்பல் மாற்றப்படுவது), அதிலும் பெரும்பகுதி இந்தியச் சரக்கு. பங்கீட்டுச் சூத்திரம் வரைவில் இல்லாத யோசனையை மேசையில் வைக்கவே அனுமதிக்காதீர்கள்.

வாக்கும் வழக்கும்

துருக்கி 1995 டிசம்பர் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் மற்ற நாடுகளோடு செய்யும் வர்த்தக ஒப்பந்தங்களில் அதற்கு வாக்கு இல்லை. அந்த நாடுகளின் பொருட்கள் ஐரோப்பா வழியாக வரியின்றி நுழையும், அங்கே துருக்கிப் பொருளுக்கு அதே சலுகை தானாகக் கிடைக்காது. இலங்கை சிங்கப்பூரோடும் பாகிஸ்தானோடும் தனி ஒப்பந்தங்கள் வைத்திருக்கிறது. ஒன்றியத்துக்குள் அவை எப்படித் தொடரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

உலக வர்த்தக விதிகளின் அடிப்படையான காட் ஒப்பந்தத்தின் 24ஆம் உறுப்புரையின்படி பொது வெளிவரி, மொத்தத்தில் பார்க்கும்போது, முன்பிருந்ததைவிடக் கனமாகக் கூடாது. இதற்கு மேல் போடமாட்டோம் என்று உலக வர்த்தக அமைப்பில் கட்டுறுத்திய உச்ச வரியைத் தாண்டினால் பாதிக்கப்படும் நாட்டுக்கு ஈடு பேச வேண்டும். இலங்கையின் விவசாயப் பொருட்களில் பெரும்பாலானவை 50 சதவீதத்தில் கட்டுறுத்தப்பட்டவை. பால்மா வரிசையின் உச்ச வரியை உலக வர்த்தக அமைப்பின் அட்டவணையில் பாருங்கள். 60 சதவீத வெளிவரி என்றால் நியூசிலாந்தோடு பேச வேண்டியிருக்கும்.

ஒன்றியத்துக்கு ஆதரவான வலுவான வாதத்தையும் நேர்மையாக எழுத வேண்டும். இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் சலுகை பெற 35 சதவீத உள்நாட்டுப் பெறுமதி சேர்ப்பு வேண்டும், அல்லது இந்திய மூலப்பொருள் 10 சதவீதம் சேர்ந்தால் 25 போதும். இரு நாட்டு வெளிவரி வேறுபாட்டைப் பயன்படுத்தி, பாம் எண்ணெயை இங்கே இறக்கி வனஸ்பதியாக்கி (கெட்டியான சமையல் கொழுப்பு) இந்தியாவுக்கு அனுப்பும் தொழில் முளைத்தது. அதனால் எழுந்த சர்ச்சை ஆண்டுக்கு 250,000 தொன் என்ற கோட்டாவில் போய் நின்றது. வெளிவரி ஒன்றானால் இந்தக் குறுக்கு வழிக்கே இடமில்லை, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தோற்றச் சான்றிதழுக்காக வொக்ஸோல் வீதியில் இருக்கும் வர்த்தகத் திணைக்களத்துக்கு நடக்கும் வேலையும் பெருமளவு குறையும். ஏற்றுமதியில் பாதிக்குமேல் அயல் நாடுகளுக்குப் போகும் ஒரு நாட்டுக்கு இது பெரிய இலாபம்.

இலங்கை அப்படிப்பட்ட நாடு அல்ல. ஆடைக்கும் தேயிலைக்கும் பெரிய சந்தைகள் அமெரிக்கா, ஐரோப்பா, மேற்காசியா. அதனால் இன்றைய நிலையில் எங்கள் விடை: வேண்டாம். ஆடை, தேயிலை, மிளகு ஆகியவற்றின் மீதுள்ள கோட்டாக்களைத் தளர்த்தவும் தரச் சான்றிதழ்களைப் பரஸ்பரம் ஏற்கவும் இருக்கும் ஒப்பந்தத்துக்குள்ளேயே பேசுவது நல்லது. ஏற்றுமதியில் அயல் நாடுகளின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினால், அல்லது செஸ்ஸும் துறைமுக அறவீடும் நீங்கி எல்லை வருமானத்தில் தங்கியிருப்பது குறைந்தால், மேலே சொன்ன அட்டவணையைத் திறந்து மறுபடியும் போட்டுப் பாருங்கள்.