கடைசி ஆறு வாரம்: ஊழியம் முடித்து ராமநாதபுரம் கரைக்குத் திரும்பும் தம்பிகளுக்கு

வெளியூரில் வேதம் போதிக்கும் சபை ஊழியத்தின் இருபத்து மூன்றாவது மாதத்தில், திங்கட்கிழமை தொலைபேசி அழைப்பில் அம்மா நகரை மீனின் விலையைச் சொல்லத் தொடங்கியதும், ஐதராபாத்தில் மாடி அறையில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று முழுவதும் வேறெதுவும் காதில் ஏறவில்லை. 2019 பிப்ரவரிக்கு முன் ஊழியம் செய்த அண்ணன்மார் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வீட்டாரின் குரலைக் கேட்டார்கள். இப்போது வாரம் ஒரு முறை பேசலாம் என்பது நல்ல மாற்றம்தான். ஆனாலும் கடைசி மாதங்களில் வீடு காதுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. மிஷனில் இந்த நிலையை ‘ட்ரங்கி’ என்பார்கள். ஆள் இங்கே இருக்க, மனம் டிரங்குப் பெட்டியைக் கட்டி முடித்துவிட்டது என்று பொருள். இது யாருக்கும் வராமல் இருப்பதில்லை. வந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஊழியம் செய்துவிட்டு, ராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என நம் கரையில் ஓர் ஊருக்குத் திரும்பப் போகிறவர்களுக்காக இவற்றை எழுதுகிறேன். சபையின் பெயரை முழுமையாகச் சொல்லும்படி 2018-இல் சபைத் தலைவர் கேட்டுக்கொண்டார் என்றாலும், ஊரில் ‘மார்மன்’ என்று சொன்னால்தான் சிலருக்கேனும் புரிகிறது. ஊழியக் காலம் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். இடமாற்றம் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வருவதால், கடைசிச் சுற்று எந்த நாளில் தொடங்குகிறது என்பது முன்பே தெரிந்துவிடும். அந்த ஆறு வாரத்தில் செய்ய வேண்டியதை ஒரே சொல்லில் சொல்வதென்றால் ஒப்படைப்பு என்பேன்: ஊழியம் செய்த பகுதியை, உடன் ஊழியம் செய்யும் துணையரிடம் ஒப்படைக்க வேண்டும், பிறகு உங்களை வீட்டிடம் ஒப்படைக்க வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் கெடும்.

முதலில் தளர்வது காலைப் பொழுதுதான். ஆறரை மணிக்கு எழுவது, அரை மணி நேர உடற்பயிற்சி, வேத வாசிப்பு, துணையருடன் சேர்ந்து படிப்பது, இரவு பத்தரைக்கு விளக்கணைப்பது என்ற ஒழுங்கு இரண்டு ஆண்டுகளில் உடலோடு ஒட்டிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். ஆனால் பயணச் சீட்டு கைக்கு வந்த மறுநாளே ஆறரை ஏழேகாலாகும். படிப்பு நேரத்தில் கைப்பேசியில் ரயில் அட்டவணை திறந்திருக்கும். இதற்கு நான் கண்ட வழி எளிமையானது. நாட்குறிப்பின் பின்பக்கம் ஒன்றை ஊருக்கென ஒதுக்கி, வீடு, கல்லூரி, வேலை, பெட்டி என எது நினைவுக்கு வந்தாலும் அங்கே ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிடுங்கள். வாரத்தில் சொந்த வேலைகளுக்கென விடப்படும் ஆயத்த நாளில், துணி துவைத்துக் காய்கறி வாங்கி முடித்த பிறகு, ஒரு மணி நேரம் மட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலைகளைத் தீருங்கள். நினைவை அடக்க முயன்ற வாரங்களில் நான் தோற்றேன். அதற்கு ஓர் இடம் கொடுத்த பிறகு அது தொல்லை செய்யவில்லை.

ஒப்படைப்பில் மிகவும் கனமான பகுதி துணையரைச் சேர்ந்தது. கடைசிச் சுற்றில் உங்களோடு இருப்பவர் பெரும்பாலும் இளையவராக இருப்பார். உங்கள் மனம் வீட்டுக்குப் போய்விட்டால், அவர் ஆறு வாரத்தைத் தனியாகவே கழிப்பார். ஆகவே முதல் வாரத்திலிருந்தே பாடத்தை அவர் தொடங்கட்டும், நீங்கள் துணைக்குப் பேசுங்கள்; மூன்றாம் வாரத்துக்குள் வழி கேட்காமல் அவரே எல்லா வீடுகளுக்கும் அழைத்துப் போகும் நிலை வர வேண்டும். கைப்பேசிச் செயலியில் பெயரும் பாடமும் பதிவாகியிருக்கும். அங்கே பதிவாகாதவைதான் முக்கியமானவை. எந்த வீட்டில் கணவர் இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குவார், எந்தப் பாட்டிக்கு இடது காது கேட்காது, எந்த இளைஞனிடம் குடியை விட்டுவிட்டாயா என்று பிறர் முன்னால் கேட்கக் கூடாது என்பவற்றையெல்லாம், அந்த வீட்டார் தற்செயலாகப் படித்தாலும் மனம் நோகாத சொற்களில் எழுதி வையுங்கள்.

விடைபெறுதலைப் பற்றியும் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசி இரண்டு வாரத்தை வீடு வீடாகப் போய் விருந்துண்டு படம் எடுத்துக்கொள்வதில் கழிக்கும் எல்டர்களை (ஆண் ஊழியர்களை அப்படித்தான் அழைப்போம்) பார்த்திருக்கிறேன். அது அன்பினால் நடப்பதுதான். ஆனால் அந்த வீடுகளில் நம்பிக்கை ஒரு ஆளின் மேல் நின்றுவிடுகிறது, ஆள் போனதும் அதுவும் ஆட்டம் காண்கிறது. ஒரு வழக்கமான பாடத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொள்வது போதும். ‘கட்டாயம் திரும்பி வருவேன்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ராமேசுவரத்திலிருந்து ஐதராபாத்துக்குப் போய்வர ஆகும் செலவு, ஊழியம் முடித்த கையோடு எவரிடமும் இருப்பதில்லை.

ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுக்கு மேல் பணம் போடாமலும் எடுக்காமலும் இருந்த வங்கிக் கணக்கு செயல்படாக் கணக்காகிவிடும். புறப்படும் முன்பே சிறு தொகை ஒன்றை அதிலிருந்து அனுப்பவோ எடுக்கவோ செய்யுங்கள். ஆதாரோடு இணைந்த பழைய சிம், 90 நாள் பயன்படுத்தாவிட்டால் போய்விடக்கூடியது. அந்த எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வீட்டில் கேட்டு, இல்லையென்றால் ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே புதிய எண்ணை ஆதாரில் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் கல்லூரி விண்ணப்பமும் நகராது. படிப்புச் செலவுக்கு, சபை 2001-இல் தொடங்கிய நிரந்தரக் கல்வி நிதியைப் பற்றிக் உங்கள் பக்கத்துச் சபைக் குழுவான கிளையின் தலைவரிடம் கேட்பதும் பின்பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு வரி.

பெட்டியில் எதை எடுத்து வருவது என்பதற்கு நம் கடற்காற்றே விடை சொல்லும். தோல் காலணி மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கோட்டு ஒரு திருமணத்துக்கு உதவும், அதற்குப் பின் கொடியில் தொங்கும். வெள்ளைச் சட்டைகளில் நல்லவை இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை வருகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். வேத புத்தகத்தையும் நாட்குறிப்புகளையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். நான் திரும்பிய காலத்தில், 1914-இன் பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோயிருந்ததால், ராமநாதபுரத்தில் இறங்கிப் பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தீவுக்குள் வந்தேன். 2025 ஏப்ரல் 6 முதல் புதிய தூக்குப் பாலம் இருக்கிறது. சென்னைப் பக்கத்திலிருந்து இரவு வண்டியில் ஏறினால் நேரே ராமேசுவரத்தில் வந்து இறங்கலாம்.

திரும்பும் மாதம் உங்கள் கையில் இல்லை. ஆனால் அது ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடையில் வந்தால், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் நடக்கும் அந்த 61 நாளில் அப்பாவுக்குப் பங்குப் பணம் வராது என்பதை நினைவில் வையுங்கள். அந்த நேரத்தில் வரவேற்பு விருந்து என்றால் அது கடனில் நடக்கும் விருந்து. இதை மூன்று வாரம் முன்பே அம்மாவிடம் பேசுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால், சித்தப்பா அதற்குள் ஆட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பார். ஃபிளெக்ஸ் பேனரும் வேண்டாம் என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள். என் பெயரில் ஒன்று அடித்தார்கள். அதில் என் படத்தைவிடத் தாய்மாமன் படம் பெரிதாக இருந்தது.

ரயிலை விட்டு இறங்கியதும் ஊழியம் முடிந்துவிடுவதில்லை. ஸ்டேக் எல்லைக்குள், அதாவது பல சபைக் குழுக்கள் சேர்ந்த வட்டாரத்துக்குள், வீடு என்றால் ஸ்டேக் தலைவரும், இல்லையென்றால் மிஷன் தலைவரோ அவர் நியமிப்பவரோ உங்களை முறைப்படி விடுவிக்கும் வரை கறுப்புப் பெயர் அட்டை சட்டையில் இருக்க வேண்டும். எனவே எப்போது, எங்கே, நேரிலா காணொலியிலா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். வண்டியில் பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியில் ஓடும் படத்தை எட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பன்னிரண்டு மணி நேரப் பயணத்துக்கு ஒரு புத்தகம் கையில் இருப்பது நல்லது.

அடுத்தது உறவினர்களின் கேள்விகள். டை கட்டிக்கொண்டு வெளியூரில் இருந்தவன் என்பதால், ‘எம்புட்டுச் சேத்து வச்சிருக்க?’ என்பதுதான் முதலில் வரும். இந்த ஊழியத்துக்குச் சம்பளம் இல்லை, செலவில் நம் பங்கை நாமே கட்டுகிறோம் என்பதை நம்ப அவர்களுக்குச் சற்று நேரமாகும். ‘சம்பளம் கெடையாது சித்தப்பா, போகணும்னு நெனச்சுப் போனேன், இப்ப வேலை தேடுறேன்’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். தயங்கினால் எங்கோ ஏமாந்து வந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மதம் பற்றிய கேள்விகள் இன்னும் நுட்பமானவை. 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தரின் கதை தெரிந்த கரை இது. காவி உடுத்து, மரக்கறி உண்டு, பண்டாரச் சாமி போல வாழ்ந்தவரைத்தான் வேதபோதகர் என்று நம் மக்கள் அறிவார்கள். அவர்களிடம் போய், பத்தொன்பது வயதுப் பையனையும் எல்டர், அதாவது மூப்பர், என்றுதான் அழைப்போம் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கத்தோலிக்கப் பங்கு, சிஎஸ்ஐ, பள்ளிவாசல், கோயில் என எல்லாம் ஒரே தெருவில் இருக்கும் ஊரில், விடுவிக்கப்பட்ட பிறகும் கதவைத் தட்டுவது அண்டை வீட்டாரோடு நம் வீட்டார் கட்டிவைத்த உறவைக் குலைக்கும். கேட்டவர்க்குச் சொல்லுங்கள், மீன் ஏலம் போகும் இடத்தில் விவாதம் செய்யாதீர்கள்.

தேநீர் இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் என்பேன். நாம் தேநீர் குடிப்பதில்லை என்பது மிஷனில் எல்லோருக்கும் தெரியும். இங்கே கொடுத்த தேநீரை மறுப்பது வீட்டையே மறுப்பதாகும். தேநீர், காபி, மது ஆகியவற்றை விலக்கும் 1833-ஆம் ஆண்டின் ஞான வார்த்தையை அத்தையின் அடுப்படியில் நின்று விளக்குவது வீண் வேலை. உத்தி என்னவென்றால், அடுப்பில் பாத்திரம் ஏறும் முன்பே நாமாக ஒன்றைக் கேட்டுவிடுவது: ‘அத்தை, வெயில்ல வந்தேன், மொதல்ல சொம்புத் தண்ணி குடுங்க.’ தண்ணீரோடு முடியாது என்று தோன்றினால், சுக்குமல்லிக் காபி கேளுங்கள். பெயரில் காபி இருந்தாலும் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் மட்டுமே சேர்ந்த அதில் விலக்கானது ஏதும் இல்லை. ஆனால் சில வீடுகளில் அரைக் கரண்டி காபித்தூளைச் சேர்க்கும் பழக்கம் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பனங்காட்டுப் பக்கம் போனால் பதநீர் குடிக்கலாம். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கியது கள், அதைத் தொட வேண்டாம். படகுக் கணக்கு பார்க்கும் தேநீர்க் கடையில் எனக்குப் பன்னீர் சோடா என்று ஒரு மாதம் விடாமல் சொன்னேன். அதன் பிறகு கடைக்காரர் கேட்பதையே விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையை வேலையோடு எப்படிப் பொருத்துவது என்பதை வருமுன் தீர்மானியுங்கள். ராமேசுவரத்து விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி என வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகும். சனிக்கிழமை போகும் படகு ஞாயிறு காலையில்தான் கரையேறும். வேறு வேலை அமையும் வரை படகில் போக நேர்ந்தால், சனிக்கிழமைப் பயணம் இல்லை என்று முதல் நாளே படகுக்காரரிடம் சொல்லி, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதை அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். இடையில் சொன்னால் ஆள் பற்றாக்குறையில் நிற்கும் படகுக்குத் துரோகம் செய்ததாகிவிடும். ஞாயிறு தொழிலுக்குப் போகாத வழக்கம் தங்கச்சிமடம், பாம்பன் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் புதிதல்ல என்பதால், காரணம் அவர்களுக்கு உடனே புரியும். எங்கள் ஊரில் நம் சபையின் ஆராதனைக் கூட்டம் கிடையாது. கிளைத் தலைவரின் அனுமதி இருந்தால் மட்டுமே வீட்டில் அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதித்துத் திருவிருந்து எடுக்கலாம். அந்த அனுமதியையும் முன்பே கேளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம் என்பதை அம்மாவுக்கு சனிக்கிழமை மாலையே நினைவூட்டுங்கள். ஞாயிறன்று நண்டுக் குழம்பு கொதித்த பிறகு சொன்னால், அந்தக் குழம்பு திங்கட்கிழமை வரை உங்களோடு பேசாது.

யாரும் எனக்கு எச்சரிக்காத ஒன்று, தனிமை. இரண்டு ஆண்டுகள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு துணையர் இருந்தார்; விடுவிக்கப்பட்ட அன்று இரவு மொட்டைமாடியில் படுத்தபோது, பக்கத்தில் யாரும் இல்லாதது ஒரு பொருளைத் தொலைத்தது போல இருந்தது. மூன்று மணிக்குக் கடலுக்குக் கிளம்புகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டபோது ஆறுதலாக இருந்தது. (ஆறரைக்கு எழுவதைப் பெருமையாகச் சொல்ல நம் கரை ஏற்ற இடமல்ல.) முதல் மாதத்தில் தம்பியையோ சித்தப்பா மகனையோ பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள், இரவு ஜெபத்தை வீட்டாரோடு வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு ஒரு வேலையேனும் இன்னொருவரோடு சேர்ந்து செய்யும்படி அமைத்துக்கொள்ளுங்கள், அது வலை பின்னுவதாக இருந்தாலும் சரி.

முதல் திங்கட்கிழமை வந்ததும், விட்டு வந்த பகுதியைப் பற்றித் துணையருக்கு எழுதக் கை துடிக்கும். அவர் கேட்டிருப்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். கேட்காத வீடுகளைப் பற்றி விசாரிக்க வேண்டாம், அந்தப் பகுதி இப்போது அவருடையது. அவரும் நம் கரைக்காரராக இருந்தால், மீன் விலையை மட்டும் எழுதிவிடாதீர்கள்.