மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மாத்திரை சேரவில்லை என்றால் நம்மில் பலர் முதலில் செய்வது, அட்டையைத் தூக்கி எறிவதுதான். பெரிய தவறு இது. மருந்தின் பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச் எண் எல்லாம் அந்த அட்டையில்தான் இருக்கின்றன. நான்கு மாத்திரை கேட்டால் கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துத் தருவார்; பேட்ச் எண் அச்சிட்ட முனை கடையிலேயே தங்கிவிடும். அதனால் பேட்ச் எண் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

"மாத்திரைதான் காரணம் என்று உறுதியாகத் தெரியாதே" என்று தயங்குவது அடுத்த தவறு. சந்தேகமே போதும். காரணத்தை ஆராய்வது நிபுணர்களின் வேலை. இந்தியாவில் 2010-இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் தலைமை மையமாக இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் வேலை நாட்களில் நோயாளியே பேசலாம். பக்கவிளைவை எழுதித் தெரிவிக்கத் தமிழிலும் படிவம் உண்டு. பல மருத்துவக் கல்லூரிகளில் இதற்கான மையங்கள் இயங்குகின்றன. டாக்டர் தெரிவிப்பார் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்கே தெரியாமல் போகலாம்.

நேற்றுச் சாப்பிட்ட மருந்தை மட்டும் சொல்வதும் போதாது. மாதவிடாய் வலிக்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் மெஃபெனமிக் அமிலம் பற்றி இந்த ஆணையம் 2023 இறுதியில் எச்சரிக்கை விடுத்தது. காய்ச்சல், தோல் தடிப்புடன் உள்ளுறுப்புகளையும் தாக்கும் ட்ரெஸ் என்ற ஒவ்வாமைக்காகத்தான் அந்த எச்சரிக்கை. மருந்தைத் தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துக்கூட ட்ரெஸ் தலைகாட்டும். அதற்குள் மாத்திரையை மறந்தே போயிருப்போம்! எனவே தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, தொந்தரவு ஆரம்பித்த தேதி மூன்றையும் குறித்து வையுங்கள். கூடவே சாப்பிட்ட சூரணம், கஷாயம், கடையில் நீங்களாக வாங்கிய வலி மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். உங்கள் அடையாளம் ரகசியமாகவே இருக்கும்.

"ஒரு மாதிரி இருந்தது" என்றால் யாருக்கும் புரியாது. எங்கே அரித்தது, எத்தனை நாள், நிறுத்தியதும் குறைந்ததா என்று சொல்லுங்கள்.

பயந்துபோய் வலிப்பு மாத்திரையையோ ஸ்டீராய்டையோ டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மூச்சுத் திணறல், உதடு வீக்கம், வாயில் புண்ணோடு தோல் உரிதல் என்றால் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். படிவத்தைப் பிறகு நிரப்பலாம். உறவினரே நிரப்பினாலும் ஏற்றுக்கொள்வார்கள்.