பவர் பேங்க் வாங்கும் முன் சமையலறைத் தராசைத் தேடி எடுங்கள்

இரண்டு வருடத்துக்கு முன் ரயில் நிலைய வாசலில் ஒரு தள்ளுவண்டியில், ‘50000 எம்ஏஎச்’ (உள்ளே எவ்வளவு மின்சாரம் தேங்கும் என்ற அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்ட பவர் பேங்க் ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கினேன். கையில் எடுத்தால் நல்ல கனம், நாலு விளக்கும் பளிச்சென்று எரிந்தது, 500 சொன்னவரை 450-க்கு இறக்கிய பெருமை வேறு. வீட்டுக்கு வந்து போனைச் செருகினால் 25 சதவீதம் ஏறியதும் மூச்சை விட்டுவிட்டது. தெருமுனை சர்வீஸ் கடை அண்ணன் மூடியை நெம்பித் திறந்து காட்டினார்: உள்ளே ஒரே ஒரு செல், பக்கத்தில் பாலித்தீன் பையில் கட்டிய மணல். “கனத்துக்குப் போட்டிருக்கான் தம்பி” என்றார், சிரிக்காமல்.

அதிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள், திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். அங்கே இரண்டு எண் இருக்க வேண்டும். ஒன்று வாட் அவர், அதாவது உள்ளே தேங்கும் மொத்த சக்தி. இன்னொன்று ‘ரேட்டட் கெப்பாசிட்டி’, அதாவது உண்மையில் வெளியே கிடைக்கும் அளவு. ஒழுங்கான 10000 எம்ஏஎச் பவர் பேங்கில் 37 வாட் அவர் என்றும், ரேட்டட் கெப்பாசிட்டி கிட்டத்தட்ட 6000 எம்ஏஎச் என்றும் இருக்கும். 10000 என்று சொல்லிவிட்டு 6000 தருகிறானே என்று சண்டைக்குப் போக வேண்டாம், இதில் ஏமாற்று இல்லை. உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், அதனால் 10000-ஐ 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வாட் அவர். வெளியே போனுக்குப் போவது 5 வோல்ட், 37-ஐ அஞ்சால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் அப்போதே 7400 எம்ஏஎச்சாகக் குறைந்துவிட்டது. வோல்ட்டை ஏற்றும்போது கொஞ்சம் சக்தி சூடாக வீணாகிவிடும், மிச்சம்தான் அந்த 6000 சொச்சம். ஆக, 5000 எம்ஏஎச் போனை இது ஒன்றரை தடவைக்குள்தான் நிரப்பும், இரண்டு தடவை என்பது விளம்பரக் கணக்கு. ரேட்டட் கெப்பாசிட்டி என்ற வரியே பெட்டியில் இல்லையென்றால் அந்தக் கடையில் டீ விலை கூட விசாரிக்காதீர்கள்.

சரி, பொடி எழுத்தையும் ஒருவன் பொய்யாக அடிக்கலாமே? அங்கேதான் தராசு. பழைய லேப்டாப்பிலும் டார்ச்சிலும் பார்த்திருப்பீர்களே, பென்டார்ச் பேட்டரியை விடக் கொஞ்சம் பருமனான செல், அதற்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவம் என்பதற்கு. பெயரே அளவுதான். இதில் நல்ல செல்லே 3500 எம்ஏஎச் அளவில் நின்றுவிடும், எடை ஒவ்வொன்றும் 45 முதல் 50 கிராம். என்னுடைய ‘50000’ உண்மையாக இருந்திருந்தால் உள்ளே பதினைந்து செல்லாவது வேண்டும், செல் மட்டுமே முக்கால் கிலோ பக்கம் வரும். மணலோடு சேர்த்து அது 300 கிராம் கூட இல்லை! தட்டையான பாலிமர் செல் போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. 10000 எம்ஏஎச் என்றால் 200 கிராம் சுமார், 20000 என்றால் 350-க்கு மேல். இதைவிட ரொம்ப லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கனமாக இருப்பது மட்டும் சான்று ஆகாது, மணல் ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்தது பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை. இந்தியாவில் விற்கும் பவர் பேங்குக்குக் கட்டாயப் பதிவு உண்டு, முத்திரையோடு ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்க எண் இருக்கும். போனில் பிஐஎஸ் கேர் ஆப்பைப் போட்டுக்கொண்டு, கடையில் நின்றபடியே அந்த எண்ணைத் தட்டுங்கள், யார் பெயரில் எந்தப் பொருளுக்குப் பதிவு என்று வந்துவிடும். நீங்கள் வாங்குவது பவர் பேங்க், அங்கே வருவது எல்இடி விளக்கு என்றால், வந்த வழியே திரும்பிவிடலாம். பில் கேட்டால் “ஜிஎஸ்டி தனியா ஆகும் சார்” என்பார்கள். பெட்டியில் போட்ட எம்ஆர்பி வரி எல்லாம் சேர்த்த விலை, அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. பில் இல்லாமல் வாரண்டி கேட்கவும் முடியாது. தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கும் முன் உங்கள் போன் எத்தனை வாட் வாங்கும் என்று பாருங்கள். 18 வாட் போனுக்கு 65 வாட் பவர் பேங்க் வாங்குவது சைக்கிளுக்கு லாரி டயர் தேடுவது மாதிரி. லேப்டாப்பும் ஏற்ற வேண்டும் என்றால் மட்டும் பெரியதைப் பாருங்கள், அப்போது கேபிளும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும்.

வாங்கி வந்ததும் ஒரு பரீட்சை. முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளந்து காட்டும் யூஎஸ்பி டெஸ்டரை (சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்) நடுவில் செருகி, பவர் பேங்க் தானாக நிற்கும்வரை, வேகச் சார்ஜ் இல்லாமல் 5 வோல்ட்டிலேயே போனை மாற்றி மாற்றி ஏற்றுங்கள். டெஸ்டரில் வரும் எம்ஏஎச் எண் ரேட்டட் கெப்பாசிட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. பாதிதான் வருகிறது என்றால் மாற்றித் தரும் கெடுவுக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருப் பக்கம் போனால் டெஸ்டர் கேட்டுப் பாருங்கள், ஒன்று வாங்கினால் தெருவுக்கே போதும், என்னுடையது இப்போது எதிர்வீட்டில் இருக்கிறது.

அப்புறம், இயர்பட்ஸையோ ஸ்மார்ட் வாட்சையோ செருகினால் கொஞ்ச நேரத்தில் பவர் பேங்க் அணைந்துவிடுகிறது, பழுது என்று சிலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். பழுது இல்லை. ரொம்பக் குறைவாகக் கரண்ட் இழுத்தால், எதுவும் செருகவில்லை என்று நினைத்து அது தூங்கிவிடுகிறது. பல மாடல்களில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் விழித்தே இருக்கும்.

விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. பொதுவாக 100 வாட் அவர் வரை பிரச்சினை இல்லை, அதாவது சுமார் 27000 எம்ஏஎச். 160 வாட் அவருக்கு மேல் அனுமதியே கிடையாது. என் தள்ளுவண்டிப் பொருள் எழுத்துப்படி 185 வாட் அவர், உண்மையாக இருந்திருந்தால் ஏற்றவே விட்டிருக்க மாட்டார்கள்.

பவர் பேங்கை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வயிறு உப்பினால் அன்றே நிறுத்திவிடுங்கள், குத்திப் பார்க்க வேண்டாம், குப்பைத்தொட்டியிலும் போட வேண்டாம், மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.