பாடும் மீன் கேட்கப் போயா நாள் வேண்டாம்

பாசிக்குடா ரிசோர்ட்டில் தங்கி, மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் முழுநிலவு இரவுகளில் நீருக்குள் கேட்கும் ‘பாடும் மீன்’ ஒலியைக் கேட்க நினைத்தால், அறையைப் போயா தினத்துக்கு (இலங்கையின் பௌர்ணமி விடுமுறை நாள்) போடாமல் ஓரிரு நாள் தள்ளி, வார நாளில் போடுங்கள். நிலவு ஏறக்குறைய அதே நிலவுதான். விடுமுறைக் கூட்டமும் அதோடு ஏறும் வாடகையும் இராது. பாலத்தில் வாகன இரைச்சலும் குறைவு.

தோணியை நிறுத்தி, துடுப்பை நிமிர்த்தி நீருக்குள் இறக்கி, மேல்நுனியில் காதை ஒட்டி வையுங்கள். நீருக்குள் எழும் ஒலி காற்றுக்கு வரும்போது பெரும்பகுதி மங்கிவிடும், மரத்தினூடே தெளிவாக ஏறும். இயந்திரப் படகில் போனால் இயந்திரத்தைத்தான் கேட்கலாம்!

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் இது சரிவரும். மாரி மழையில் வீண். மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வருபவர்களுக்கும் பொருந்தாது: அது ஆடி அமாவாசை, நிலவே இராது, அறையும் முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.