ஆசியாவின் தீவுகளைப் பரப்பளவால் ஒப்பிடுவது எப்படி? மலையக மாணவர்களுக்கான செய்முறை

ஆசியாவின் பெரிய தீவுகளை ஒப்பிடும்படி ஒப்படை வந்தால், பெரும்பாலான கொப்பிகளில் தீவின் பெயரும் எதிரே ஓர் எண்ணும்தான் இருக்கும். பார்த்து எழுதினால் பட்டியல் வரும், ஒப்பீடு வராது. 743,000 சதுர கிலோமீற்றர் என்றால் எவ்வளவு என்று ஹட்டனில் படிக்கும் பிள்ளைக்குப் பிடிபடாது. போர்ணியோவுக்குள் பதினொரு இலங்கையை வைக்கலாம் என்றால் அந்த நொடியே புரியும். எண்ணை அந்த இடத்துக்குக் கொண்டுவரும் வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் செய்யப்போகிறோம்.

தேவையானவை: தேசப்படப் புத்தகம், வரைபுத்தாள் இரண்டு, ட்ரேசிங் பேப்பர் ஒன்று, அடிமட்டம், கூரான பென்சில், வர்க்கமூலம் எடுக்கக்கூடிய கல்குலேட்டர். போன் கல்குலேட்டரே போதும். சில போன்களில் திரையைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் வர்க்கமூல விசை தெரியும்.

படி 1: எவற்றைச் சேர்ப்பது என்று முதலில் எழுதுங்கள்

நியூகினியின் பரப்பு சுமார் 786,000 ச.கி.மீ. அதைச் சேர்த்தால் பட்டியலில் முதலிடம் அதற்கே, விட்டால் போர்ணியோவுக்கு. தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியாவுக்கு உரியது. ஆனால் புவியியலில் முழுத் தீவையும் ஓசியானியாவுடன் சேர்ப்பதே வழக்கம். சைப்பிரஸ் இதற்கு எதிர்மாறு: ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு, அமைவிடமோ ஆசியாவின் ஓரம். இந்தச் செய்முறையில் நியூகினியை விடுகிறோம், சைப்பிரஸைச் சேர்க்கிறோம். நீங்கள் வேறு விதமாக முடிவெடுக்கலாம், தவறில்லை. அந்த முடிவு அட்டவணைக்கு மேலே ஒரு வரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: எண்ணோடு அதன் பின்னணியையும் குறியுங்கள்

அட்டவணைக்கு நான்கு நிரல் போடுங்கள்: தீவு, பரப்பளவு, அந்த எண்ணில் எவை சேர்ந்துள்ளன, எந்த ஆண்டின் எண். பலர் விட்டுவிடும் மூன்றாவது நிரலில்தான் பிழைகள் பிடிபடுகின்றன.

கலிமந்தான் என்று தேடி எடுத்த எண்ணைப் போர்ணியோவுக்கு எதிரே எழுதுவது அடிக்கடி நடக்கிறது. போர்ணியோவை இந்தோனேசியா, மலேசியா, புரூணை ஆகிய மூன்று நாடுகள் பங்கிட்டுள்ளன. கலிமந்தான் என்பது இந்தோனேசியப் பகுதி மட்டும், தீவின் ஏறத்தாழ 73 சதவீதம். ஹொக்கைடோவில் தவறு மறுபக்கமாக நடக்கும். ஜப்பானின் நிர்வாகக் கணக்கில் ஹொக்கைடோவின் பரப்பு சுமார் 83,400 ச.கி.மீ. சுற்றியுள்ள சிறு தீவுகளும், ரஷ்யாவின் வசம் இருந்தும் ஜப்பான் உரிமை கோரும் ஏறத்தாழ 5,000 ச.கி.மீ. தீவுகளும் அதில் அடக்கம். தீவை மட்டும் எடுத்தால் சுமார் 78,000.

அடுத்தது தண்ணீர். இலங்கையின் மொத்தப் பரப்பு 65,610 ச.கி.மீ. அதில் 2,905 ச.கி.மீ. குளங்கள், நீர்த்தேக்கங்கள் போன்ற உள்நாட்டு நீர்ப்பரப்பு. ஆகவே நிலம் மட்டும் 62,705. காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை நீர்த்தேக்கங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல. நுவரெலியா மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 1,741, நிலம் 1,706. சுமாத்ராவில் உள்ள தோபா ஏரி மட்டுமே ஏறத்தாழ 1,130 ச.கி.மீ., அதாவது நுவரெலியா மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு தீவுக்கு மொத்தப் பரப்பும் மற்றத் தீவுக்கு நிலம் மட்டும் என்று கலக்காதீர்கள். பல தீவுகளுக்கு மொத்தப் பரப்பே எளிதில் கிடைக்கும் என்பதால் இங்கே அதையே எடுக்கிறோம்.

ஆண்டை ஏன் எழுத வேண்டும்? சிங்கப்பூரைப் பாருங்கள். 1960களில் 580 ச.கி.மீ. அளவில் இருந்தது. கடலை நிரப்பி நிரப்பி இன்று 730ஐத் தாண்டிவிட்டது.

படி 3: ஒரே அலகுக்கு மாற்றுங்கள்

பழைய பாடப்புத்தகங்களில் இலங்கைக்கு 25,332 சதுர மைல் என்று இருக்கும். ஒரு மைல் 1.609 கிலோமீற்றர் என்பதால் 1.6ஆல் பெருக்கினால் 40,531 வரும், அது பிழை. சதுர மைலுக்கு நீளமும் அகலமும் இரண்டுமே மாறுவதால் 1.609ஐ இரு தடவை பெருக்க வேண்டும். 2.59ஆல் பெருக்கினால் 65,610 கிடைக்கும். தோட்டக் கணக்குகளில் வரும் ஹெக்டயரில் 100 சேர்ந்தால் ஒரு சதுர கிலோமீற்றர். ஏக்கரில் 247 வேண்டும்.

படி 4: இலங்கையால் வகுங்கள்

ஒவ்வொரு தீவின் பரப்பையும் 65,610ஆல் வகுத்தால், அந்தத் தீவு எத்தனை இலங்கை என்று தெரியும்.

போர்ணியோ, 743,000: 11.3
சுமாத்ரா, 443,000 முதல் 473,000 வரை: 6.8 முதல் 7.2 வரை
ஹொன்ஷு, 228,000: 3.5
சுலவேசி, 174,000: 2.7
ஜாவா, 128,000: 2.0
லூசோன், 110,000: 1.7
மிண்டனாவோ, 97,500: 1.5
ஹொக்கைடோ, 78,000: 1.2
சகாலின், 72,500: 1.1
இலங்கை, 65,610: 1
தாய்வான், 36,000: 0.55
ஹைனான், 33,000: 0.5
சைப்பிரஸ், 9,251: 0.14

சுமாத்ராவுக்கு நூலுக்கு நூல் எண் மாறுகிறது. வேறுபாடு 30,000 ச.கி.மீ., கிட்டத்தட்ட அரை இலங்கை. வகுத்து முழு எண்ணாக்கினால் இரண்டுமே ஏழுதான். எந்த எண் சரி என்று மல்லுக்கட்டாமல், 'ஏறத்தாழ ஏழு இலங்கை' என்று தைரியமாக எழுதலாம். 1ஐ விடப் பெரிய விடைகளில் தசமத்துக்குப் பின் ஓர் இலக்கத்துக்கு மேல் எழுதுவது வீண். மூல எண்ணிலேயே அவ்வளவு துல்லியம் கிடையாது.

கணினியில் செய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். எக்செல்லில் ஓர் எண் கலத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நின்றால், அது எழுத்தாகப் பதிந்திருக்கலாம், வகுக்கும்போது பிழை வரலாம். இணையத்திலிருந்து ஒட்டும்போது எண்ணின் பின்னால் இடைவெளியோ அலகோ சேர்ந்து வருவதுதான் பெரும்பாலும் காரணம். அழித்துவிட்டு நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அடுத்து, இலங்கையின் கலத்தை டொலர் குறி போட்டுப் பூட்டாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால், ஒவ்வொரு தீவும் வேறு வேறு கலத்தால் வகுபடும்.

படி 5: சதுரங்களாக வரையுங்கள்

இலங்கைக்கு 2 செ.மீ. பக்கமுள்ள சதுரம் வரையுங்கள். மற்றத் தீவுகளுக்கு, படி 4இல் வந்த எண்ணின் வர்க்கமூலத்தை 2ஆல் பெருக்கினால் பக்க நீளம் கிடைக்கும். போர்ணியோவுக்கு 11.3இன் வர்க்கமூலம் 3.36, ஆகவே பக்கம் 6.7 செ.மீ. சுமாத்ராவுக்கு 5.3, ஹொன்ஷுவுக்கு 3.7, தாய்வானுக்கு 1.5, சைப்பிரஸுக்கு 0.75.

வர்க்கமூலம் எடுக்காமல் பக்கத்தையே 11 மடங்காக்கினால் சதுரம் 121 மடங்காகிவிடும், தாளிலும் அடங்காது. சலாகை வரைபு என்றால் இந்தச் சிக்கல் இல்லை. அதில் உயரம் மட்டுமே மாறும், எல்லாச் சலாகையின் அகலமும் ஒன்று.

படி 6: கட்டம் எண்ணிச் சரிபாருங்கள்

எழுதிய எண்ணை உங்கள் கையாலேயே சோதிக்கும் படி இது. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஆசியா முழுவதையும் காட்டும் தேசப்படம் இதற்கு உதவாது. 1:40,000,000 அளவிடையில் இலங்கை அரைச் சதுர சென்ரிமீற்றர்கூட வராது. இலங்கை தனியாக உள்ள, 1:5,000,000 அளவிடைப் படத்தை எடுங்கள். அதில் 1 செ.மீ. என்பது 50 கிலோமீற்றர். கரையோரத்தை ட்ரேசிங் பேப்பரில் எடுத்து, வரைபுத்தாளின் மேல் வைத்து, 5 மி.மீ. கட்டங்களை எண்ணுங்கள். ஒரு கட்டம் 25 கி.மீ.க்கு 25 கி.மீ., அதாவது 625 ச.கி.மீ. முழுக் கட்டம் ஒன்று. பாதிக்கு மேல் நிலம் என்றால் அதுவும் ஒன்று. பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். 105 கட்டங்கள் வர வேண்டும். 100க்கும் 110க்கும் இடையில் வந்தால் வேலை சரி.

85, 90 என்று வந்தால் பெரும்பாலும் கரையோரத்தில் பாதிக்கு மேல் நிலமுள்ள கட்டங்களை எண்ணாமல் விட்டிருப்பீர்கள், அல்லது தாள் நழுவியிருக்கும். நான்கு மூலையிலும் கிளிப் போடுங்கள். 50 கட்டங்களே வந்தால் போட்டோகொப்பியைச் சந்தேகியுங்கள். கடையில் 70 சதவீதத்துக்குச் சுருக்கி எடுத்த படத்தில் பரப்பு 49 சதவீதமாகிவிடும், ஆனால் அச்சிட்ட 1:5,000,000 என்ற எழுத்து அப்படியே நிற்கும். படத்தின் கீழுள்ள கோட்டளவிடை படத்தோடு சேர்ந்தே சுருங்குவதால், அடிமட்டத்தை அதில் வைத்து ஒரு கட்டத்தின் பரப்பை மறுபடி கணக்கிடலாம்.

இலங்கைக்குப் பின் தாய்வானைச் செய்யுங்கள். நான்கு கைகள் விரிந்த சுலவேசியைக் கடைசியாக வையுங்கள். கரையோரம் நீளமான தீவில் பாதிக் கட்டங்கள் அதிகம், பிழையும் அதிகம்.

போன் வரைபடத்தை ஏன் தொடக்கூடாது?

போனில் தட்டையாக விரியும் இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மேர்கேற்றர் எறியத்தில் (உருண்டையான பூமியைத் தட்டையான படமாக்கும் ஒரு முறை) அமைந்தவை. மத்தியகோட்டை விட்டு விலக விலக நிலம் ஊதிக்கொண்டே போகும். சுலவேசி மத்தியகோட்டின் மேலேயே கிடப்பதால் அப்படியே தெரியும். சகாலின் வட அகலக்கோடு 50 பாகையை ஒட்டியிருப்பதால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிதாகத் தெரியும். விளைவாக, போனில் இரண்டு தீவும் ஒரே அளவு! உண்மையில் சுலவேசி 2.4 மடங்கு பெரியது. ஹொக்கைடோவும் இரண்டு இலங்கை போலத் தோன்றும், உண்மை 1.2.

மலையைக் கணக்கில் எடுத்தார்களா?

மலையக வகுப்புகளுக்கே உரிய நியாயமான கேள்வி இது. எல்லாப் பரப்பளவுகளும் மேலிருந்து பார்த்த கிடைப் பரப்புதான், சரிவு சேராது. 30 பாகைச் சரிவில் உள்ள தேயிலை மலை வரைபடத்தில் ஒரு ஹெக்டயர் என்றால், கொழுந்து பறிப்பவர் ஏறி இறங்கும் மண்ணின் மேற்பரப்பு ஏறத்தாழ 1.15 ஹெக்டயர். 35 பாகையில் அது 1.22 ஆகும். எல்லாத் தீவுகளுக்கும் ஒரே முறை என்பதால் ஒப்பீடு பழுதாகாது.

சிறிய தீவுகளுக்கு இலங்கையை அலகாக எடுத்தால் 0.09, 0.01 என்று வரும், மனதில் நிற்காது. அவற்றுக்கு மாகாணத்தையும் மாவட்டத்தையும் அலகாக்குங்கள். பாலித் தீவு ஏறத்தாழ நமது மத்திய மாகாணம் (5,674). சைப்பிரஸ் ஊவா மாகாணத்தை (8,500) விடச் சற்றே பெரியது. சிங்கப்பூர் நுவரெலியா மாவட்டத்தில் பாதிகூட இல்லை. இவற்றையும் அதே அட்டவணையில் எழுதுவதானால், அலகு மாறும் இடத்தில் தடித்த கோடு ஒன்று போட்டு, கோட்டுக்குக் கீழே எந்த மாகாணம், எந்த மாவட்டம் என்று குறிப்பிடுங்கள்.