ஊராட்சி பேரிடர் திட்டத்த புதுப்பிக்கறது எப்படி? போன் நம்பர் மாத்தினா மட்டும் பத்தாது

பருவமழை நெருங்கிட்டா நெறைய ஊராட்சி ஆபீஸ்ல ஒரு வேலை நடக்கும். பீரோல கெடக்கற பேரிடர் மேலாண்மை திட்டம்ங்கற ஸ்பைரல் பைண்டிங் எடுத்து, மாத்தலாகிப் போன தாசில்தார் பேர அடிச்சு புதுப் பேர எழுதி, அட்டைல வருஷத்த மாத்தி, மறுபடி அதே பீரோல வச்சு பூட்டிடுவாங்க. கேட்டா அப்டேட் பண்ணியாச்சும்பாங்க.

உள்ள பிரிச்சு பாத்தீங்கன்னா முக்காவாசி பக்கம் புயல் வந்தப்புறம் யாருக்கு போன் போடணும், எந்த ஸ்கூல்ல தங்க வைக்கணும், யாரு சோறு பொங்கணும்ங்கறதுதான். அது வேணும், வேணாம்னு சொல்லல. ஆனா புயல் வர்றதுக்கு முன்னாடியே எத சரி பண்ணா சேதம் குறையும்ங்கற பக்கத்துல "மரம் நடுதல், விழிப்புணர்வு ஏற்படுத்துதல்"னு ரெண்டு வரி இருக்கும், அவ்ளோதான். அந்த ரெண்டு வரிய எப்படி உருப்படியான வேலை லிஸ்ட்டா மாத்தறதுங்கறதுதான் இங்க நான் சொல்லப்போறது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர் கடலோரத்த மனசுல வச்சு எழுதறேன், மலை ஊருக்கு மண்சரிவெல்லாம் வேற கணக்கு.

சட்டம் பத்தி ரொம்ப தெரிய வேணாம். 2005 பேரிடர் மேலாண்மை சட்டத்துல பிரிவு 31 மாவட்டத் திட்டத்த வருஷா வருஷம் பாத்து புதுப்பிக்கணும்னு சொல்லுது, பிரிவு 41 உள்ளாட்சிக்கு என்னென்ன பொறுப்புன்னு சொல்லுது. "இதெல்லாம் ஊராட்சி வேலை இல்லைங்க"ன்னு யாராச்சும் ஆரம்பிச்சா இந்த ரெண்டு நம்பர சொல்லுங்க, பேச்சு கொஞ்சம் அடங்கும்.

மொதல்ல பழைய திட்டத்த பேனாவோட உக்காந்து படிங்க. நெறைய ஊர்ல அது 2004 சுனாமிக்கு அப்புறம் எழுதினதுதான், அதனால சுனாமியும் புயலும் மட்டுமே இருக்கும். அதுக்கப்புறம் என்னெல்லாம் பாத்துட்டோம்! 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரைய கடந்தப்ப சேதம் பண்ணது தண்ணிய விட காத்துதான், தென்னை அப்படியே சாஞ்சுது, மின்கம்பம் மட்டும் லட்சத்துக்கு மேல போச்சு. 2023 டிசம்பர்ல தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சு, அந்தப் பக்கம் ஒரு வருஷத்துக்கே அவ்ளோ மழை கெடையாது. 2024 ஃபெஞ்சல் புயல்ல விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல 51 சென்டிமீட்டர். 2016ல வடகிழக்கு பருவமழை பொய்ச்சு அடுத்த வருஷம் வறட்சில கெடந்தது, இப்ப வெயில் அடிக்கற அடிக்கு வெப்ப அலையையும் தமிழ்நாடு அரசு 2024ல மாநில பேரிடரா அறிவிச்சிருக்கு. ஆக உங்க ஊர்ல எது வரும், எத்தன வருஷத்துக்கு ஒருக்கா வரும், வந்தா எந்தத் தெரு அடிபடும்னு ஒவ்வொன்னுக்கும் நாலு வரியாவது எழுதணும். இடி மின்னல விட்டுடாதீங்க, வயல்ல நடவு நடும்போது போற உயிருக்கு பழைய திட்டத்துல எடமே இருக்காது.

அடுத்து ஆளுங்க. பெரிய கமிட்டி போட்டா போட்டோ எடுத்துட்டு கலைஞ்சிடும். ஊராட்சி செயலர், விஏஓ, லைன்மேன், தண்ணி தொறந்து விடற மோட்டார் ஆபரேட்டர், அங்கன்வாடி டீச்சர், மகளிர் குழுல ரெண்டு பேர், மீனவ கிராமம்னா ஊர் பஞ்சாயத்தார், ஆடு மேய்க்கறவங்கள்ல ஒருத்தர், இது போதும். மீட்டிங்க ஆபீஸ்ல வைக்காதீங்க, பள்ளமான தெரு எதுவோ அங்க போய் வைங்க. அது பெரும்பாலும் காலனியாவோ குப்பமாவோதான் இருக்கும், அவங்க ஆபீஸுக்கு வந்தா ஓரமா நின்னுட்டு போயிடுவாங்க, அவங்க தெருவுல நின்னு கேட்டாதான் 2018ல தண்ணி எந்தத் திண்ணை வரைக்கும் வந்துச்சுன்னு கையால காட்டுவாங்க. தரைல கோலமாவால ஊர் மேப்ப போட்டு, தண்ணி எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் வடிஞ்சுதுன்னு அவங்களையே வரைய சொல்லி போட்டோ எடுத்துக்கங்க. விஏஓகிட்ட இருக்கற கிராம வரைபடத்துல அத அப்புறமா ஏத்திக்கலாம்.

இப்பதான் முக்கியமான வேலை, நடக்கறது. நல்ல மழை பெஞ்ச மறுநாள் காலைல, டேப்பும் போனும் எடுத்துக்கிட்டு வடிகால் வாய்க்கால் ஆரம்பிக்கற எடத்துலேர்ந்து கடைசி வரைக்கும் நடங்க. பாசன வாய்க்கால்னா ஊரே சண்டை போட்டு தூர்வாரும், வடிகால கேக்க நாதி இருக்காது, நெய்வேலி காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டி கெடக்கும். எந்தெந்த எடத்துல தண்ணி தேங்கி நிக்குதோ அங்கெல்லாம் நின்னு அள எடுங்க. சில எடத்துல மேல மூணடி அகல பாலம் இருக்கும், அதுக்கு கீழ நூறு தப்படில ஒருத்தர் வயலுக்கு வண்டி போக ஓரடி குழாய் ரெண்ட போட்டு மண்ண கொட்டியிருப்பாரு, மூணடில வர்ற தண்ணி அங்க வந்து முட்டி தெருவுக்குள்ள ஏறும். இத எந்த சாட்டிலைட் மேப்பும் காட்டாது. ஷட்டர் இருந்தா தூக்கி எறக்க முடியுதான்னு பாருங்க, சாவி யாருகிட்டன்னு எழுதுங்க. கடைசில வாய்க்கால் கடல்ல சேர்ற முகத்துவாரம் மண்ணடிச்சு கெடக்கா, கடல் ஏறி நிக்கற நேரத்துல எத்தன மணி நேரம் தண்ணி வடியாம நிக்குதுங்கறதையும் மீனவங்கள கேட்டு குறிச்சுக்கங்க.

ஒவ்வொரு எடத்துக்கும் அது யாரோட சொத்துன்னு எழுதறது ரொம்ப அவசியம். தெரு சிறுபாலம் ஊராட்சியோடது, ரோடு ஒன்றியத்தோடதா நெடுஞ்சாலையோடதா, வாய்க்கால் நீர்வளத்துறையா? இது தெரியாம மனு போட்டா ஒரு ஆபீஸ்லேர்ந்து இன்னொரு ஆபீஸுக்கு அந்தப் பேப்பர் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும்.

காத்துக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. கஜால பாதி ஊரு தவிச்சது குடிதண்ணிக்குதான், ஏன்னா கரண்ட் இல்லாம மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் ஓடல. அதனால மோட்டார் ரூம்ல நிரந்தரமா ஒரு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் (கரண்ட் லைன்லேர்ந்து ஜெனரேட்டருக்கு மாத்தற ஸ்விட்ச்) மாட்டி வைக்கறத திட்டத்துல எழுதுங்க. மோட்டார் எத்தன ஹெச்பி, அத ஸ்டார்ட் பண்ண எத்தன கேவிஏ ஜெனரேட்டர் வேணும்னு எலக்ட்ரீஷியன கேட்டு சுவத்துலயே பெயிண்ட்ல எழுதிடணும். இல்லன்னா அவசரத்துல கல்யாண மண்டபத்துலேர்ந்து வர்ற சின்ன ஜெனரேட்டர் மோட்டார இழுக்காம நிக்கும். செலவு கம்மி, பலன் பெருசு, என்னய கேட்டா இதத்தான் லிஸ்ட்ல மொத வேலையா போடுவேன்.

அப்புறம் டேபிள் போடுங்க. என்ன வேலை, எந்த எடம், யார் சொத்து, தோராய செலவு (ஒன்றிய ஓவர்சியர்கிட்ட கேட்டா சொல்வாரு), எந்த நிதி, எந்த மாசத்துக்குள்ள, அந்த வேலைக்காக அலையப்போறது யாரு. கடைசி கட்டம் காலியா இருந்தா அந்த வேலை நடக்காது, இப்பவே எழுதி தரேன். ரொம்ப நீளமாவும் வேணாம், இந்த வருஷம் முடிக்கக்கூடியது அஞ்சாறு, பெருசு ரெண்டு மூணு.

நிதி விஷயம். சின்ன வேலைய எல்லாம் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துல ஏத்துங்க, நிதிக்குழு மானியத்துல செய்யலாமான்னு செயலர்கிட்ட கேளுங்க. பெருசுக்கு மாநில பேரிடர் தணிப்பு நிதின்னு (தணிப்புன்னா சேதம் வர்றதுக்கு முன்னாடியே அத குறைக்கற வேலை) தனியா ஒன்னு இருக்கு, பதினஞ்சாவது நிதிக்குழு 2021லேர்ந்து பேரிடர் பணத்துல 80 சதவீதம் நிவாரணத்துக்கு, 20 சதவீதம் தணிப்புக்குன்னு பிரிச்சு வச்சுது. ஊராட்சி நேரா போய் வாங்கற பணம் இல்ல அது, கலெக்டர் தலைமைல இருக்கற மாவட்ட பேரிடர் மேலாண்மை ஆணையம் வழியாதான் மேல போகணும், அதுக்குதான் உங்க அளவும் போட்டோவும் வேணும். வெறும் "வாய்க்கால் தூர்வார வேண்டும்"னு எழுதின மனு நூத்துல ஒன்னா போயிடும்.

தேதிய கணக்கு பண்ணி செய்யுங்க. மேட்டூர் ஜூன் 12 தொறக்கறதுதான் வழக்கம், தண்ணி வந்துட்டா வாய்க்கால்ல எறங்கி வேலை பாக்க முடியாது. அதனால நடை, அள எல்லாம் முந்தின மழைக்காலத்துலயே முடிச்சு, மார்ச் 22 கிராம சபைல தீர்மானம் போட்டா நல்லது, அது தவறிப்போனா மே 1. ஆகஸ்ட் 15க்கு தள்ளினா மழைக்கு முன்னாடி ஒன்னும் நடக்காது. தீர்மானத்துல "திட்டம் ஏற்கப்பட்டது"ன்னு ஒரே வரில முடிக்க விடாதீங்க, ஒவ்வொரு வேலையும் தனித்தனியா வரணும். தலைவர் இல்லாம தனி அலுவலர் பாக்கற ஊரா இருந்தா அவருகிட்டயே குடுங்க, நகல பிடிஓ, தாசில்தார், கலெக்டர் ஆபீஸ் மூணுக்கும் போட்டு ஒப்புகை வாங்கி வச்சுக்கங்க.

புயல் வந்தப்புறம் என்ன பண்றதுங்கற பழைய பாதியையும் லேசா தொடணும். போன் லிஸ்ட்ல ஆள் பேர் வேணாம், பதவியும் ஆபீஸ் நம்பரும் போதும், மாவட்ட கட்டுப்பாட்டு அறை 1077ம் மாநில கட்டுப்பாட்டு அறை 1070ம் மேல பெருசா இருக்கட்டும். புயல் பாதுகாப்பு மையத்துல கக்கூஸ் தாழ்ப்பாள் விழுதா, சாய்தளம் இருக்கா, மாட்ட எங்க கட்டறதுன்னு பாருங்க. கர்ப்பிணி, டயாலிசிஸ் போறவங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்க லிஸ்ட்ட நோட்டீஸ் போர்டுல ஒட்டிடாதீங்க, அது நர்ஸ்கிட்டயும் செயலர்கிட்டயும் இருந்தா போதும்.

கார்த்திகைல மழை விட்ட அந்த வாரமே ஒருக்கா உக்காந்து எது வேலை செஞ்சுது, எது செய்யலன்னு எழுதிடணும், தை பொறந்துட்டா எல்லாருக்கும் மறந்துரும். தண்ணி நின்ன உயரத்த ஸ்கூல் சுவத்துல பெயிண்ட்ல கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க, வெள்ளையடிக்க வர்றவங்ககிட்ட அந்த எடத்த விட்டுட்டு அடிங்கன்னு மறக்காம சொல்லி வைங்க.